சிவக்காத கண்: பிள்ளைகளுக்கு வரும் உள்விழி அழற்சி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் ஒரு பிள்ளையின் கண் சிவந்தால் அதை யாரும் மறைக்க முடியாது. வகுப்பாசிரியர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பக்கத்து வீட்டுப் பாட்டி நந்தியாவட்டைப் பூவைத் தேடுவார். அப்பா வேலை முடிந்து வரும்போது மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்துப் புட்டி வாங்கி வருவார். இரண்டு வாரத்துக்குள் கண் தெளிந்தும் விடும். பெரும்பாலும் அது வைரஸால் வந்து தானே ஆறிப்போகிற வெளிப்படல அழற்சி என்பதால், பாட்டியின் பூவும் அப்பாவின் புட்டியும் ஒரே அளவு புகழைப் பங்கிட்டுக்கொள்ளும். இப்படித் தலைமுறை தலைமுறையாகப் பழகிய நமக்கு ஒரு கணக்கு ஊறிப்போயிருக்கிறது: சிவந்தால் நோய், வெளுத்தால் குணம்.

பிள்ளைகளின் பார்வையை மெல்ல மெல்லப் பறிக்கும் ஓர் அழற்சி இந்தக் கணக்குக்குள் வருவதில்லை. அதில் கண் சிவக்காது, வலிக்காது, பீளை கட்டாது. பிள்ளை பாடாங்கில் (திடலில்) பந்து விளையாடும், தொலைக்காட்சி பார்க்கும், வீட்டுப்பாடம் எழுதும். உள்ளே அழற்சி மாதக்கணக்கில் நடந்துகொண்டிருக்கும். பெற்றோரின் கண்ணுக்கு அது தென்படும்போது, ‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்று சொல்லும் நிலை வந்திருக்கும்.

இதன் பெயர் யுவியைட்டிஸ். கண்ணின் வெள்ளை ஓட்டுக்கும் உள்ளே இருக்கும் விழித்திரைக்கும் நடுவில் இரத்தக் குழாய்கள் நிறைந்த ஓர் அடுக்கு உண்டு. முன்பக்கம் அது கண்ணுக்கு நிறம் தரும் ஐரிஸ். அதன் பின்னால், கண்ணீர் அல்லாமல் விழிக்குள்ளேயே ஊறும் உள்நீரைச் சுரக்கும் தசை வளையம். பின்பக்கம் விழித்திரைக்கு இரத்தம் கொடுக்கும் படலம். இந்த மூன்றில் எங்கே அழற்சி வந்தாலும் அது யுவியைட்டிஸ்தான். இந்நோய் உள்ளவர்களில் பிள்ளைகள் 100க்கு 5 முதல் 10 பேர்தான். எண்ணிக்கை சிறிது, சேதம் பெரிது. பெரியவர்கள் மங்கலாகத் தெரிகிறது என்று மறுநாளே சொல்லிவிடுவார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு மங்கல் எது, தெளிவு எது என்று ஒப்பிட்டுப் பார்க்கத் தெரியாது. ஒரு கண் நன்றாக இருந்துவிட்டால் மற்றொன்று கெட்டது அதற்கே தெரியாது. அதோடு, ஏழெட்டு வயதுக்குள் மங்கிய கண்ணை மூளை பயன்படுத்துவதையே குறைத்துக்கொள்ளும். பிறகு அழற்சி அடங்கினாலும் அது சோம்பேறிக் கண்ணாகவே தங்கிவிடக்கூடும்.

பிள்ளைகளின் யுவியைட்டிஸுக்குக் காரணம் பல நேரங்களில் பிடிபடுவதே இல்லை. பிடிபடும் உடல்நோய்களில் முதலிடம் மூட்டுக்கு. 16 வயதுக்குள் தொடங்கி, ஆறு வாரத்துக்கு மேல் நீடித்து, வேறு காரணம் சொல்ல முடியாத மூட்டு வீக்கத்தை இளம்பருவ மூட்டழற்சி என்கிறார்கள். மூட்டுவாதம் தாத்தா பாட்டிக்கு வருவது என்று நினைத்துக்கொண்டிருப்பதால் இதை நாம் பிள்ளையிடம் எதிர்பார்ப்பதில்லை. மூன்று வயதுப் பெண் குழந்தை காலையில் எழுந்ததும் நொண்டும், பத்து மணிக்கெல்லாம் ஓடத் தொடங்கிவிடும். எங்கோ விழுந்திருப்பாள் என்று எண்ணெய் தேய்த்து விடுவார்கள். முழங்கால் உப்பியிருக்கும், ஆனால் தொட்டால் அழமாட்டாள். இந்த வலியில்லாத வீக்கம்தான் கண்ணுக்கு எழுதப்பட்ட முன்னறிவிப்பு.

எல்லா மூட்டழற்சிப் பிள்ளைகளுக்கும் ஆபத்து ஒரே அளவு இல்லை. நான்கு அல்லது அதற்குக் குறைவான மூட்டுகளில் வீக்கம், ஏழு வயதுக்குள் தொடக்கம், இரத்தத்தில் ஏ.என்.ஏ. என்னும் எதிர்ப்பொருள் இருப்பது ஆகியவை சேர்ந்துவிட்டால் ஆபத்து உச்சத்தில் இருக்கிறது. மூட்டு நோய் தெரிந்த முதல் நான்கு ஆண்டுகளில் கண் அழற்சி வரும் வாய்ப்பு அதிகம். ஐரோப்பிய, அமெரிக்கக் கணக்குகளில் மூட்டழற்சிப் பிள்ளைகளில் 100க்கு 10 முதல் 20 பேருக்குக் கண்ணிலும் அழற்சி வருகிறது. ஆசிய நாடுகளிலிருந்து வந்த கணக்குகள் பொதுவாக இதைவிடக் குறைவு. இதைக் கேட்டு நிம்மதி அடைய வேண்டாம் என்பது என் கருத்து. அரிதாக வருவதைத்தான் சிறு ஊர்க் கிளினிக்கில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

மூட்டின் நிலைமையும் கண்ணின் நிலைமையும் சேர்ந்து நடப்பதில்லை என்பதுதான் பெற்றோருக்குப் புரியவைக்கக் கடினமான பகுதி. முழங்கால் வீக்கம் முழுக்க வற்றிய பிறகும் கண்ணில் அழற்சி தொடங்கலாம். சில பிள்ளைகளுக்கு மூட்டுக்கு முன்பே கண்ணில் வந்துவிடுகிறது. அதனால்தான் அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கம் (American College of Rheumatology) 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அதிக ஆபத்துள்ள பிள்ளைகளுக்கு எந்தக் குறையும் இல்லாவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண் சோதனை வேண்டும் என்கிறது. மற்றவர்களுக்கு 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை. கண்ணில் குறை கண்டபின் கண்ணைச் சோதிப்பது இங்கே காலம் கடந்த வேலை. முழங்காலை வைத்துத்தான் கண் சோதனைக்குத் தேதி குறிக்க வேண்டும்.

அந்தச் சோதனை என்னவென்று அறிந்தால், வேறெதுவும் அதற்கு ஈடாகாது என்பதும் தெரிந்துவிடும். அறையை இருட்டாக்குகிறார்கள். பிள்ளை அம்மாவின் மடியில் உட்கார்ந்து, தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்திக்கொள்கிறது. ஸ்லிட் லேம்ப் என்னும் நுண்ணோக்கியின் ஒளியை மருத்துவர் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சுருக்கி, சாய்வாக, கண்ணின் முன்புறத்தில் கண்ணாடிபோல் இருக்கும் கார்னியாவுக்கும் ஐரிஸுக்கும் இடையே உள்ள நீருக்குள் செலுத்துகிறார். நலமான கண்ணில் அந்த இடைவெளி வெறும் கருமையாகத் தெரியும். அழற்சி இருந்தால், தகரக் கூரையின் ஆணித் துளை வழியே விழும் வெயிலில் தூசு மிதப்பதுபோல வெள்ளணுக்கள் மிதக்கும். ஐரிஸின் பக்கம் வெதுவெதுப்பாக இருப்பதால் அங்கே அவை மேலே ஏறும். காற்றுப் பட்டுக் குளிர்ந்த கார்னியாவின் பக்கம் கீழே இறங்கும். மருத்துவர் அவற்றை எண்ணுகிறார். அந்தச் சிறு சதுரத்துக்குள் 1 முதல் 5 வரை இருந்தால் அழற்சியின் தரம் அரை, 6 முதல் 15 வரை ஒன்று, 50க்கு மேல் போனால் நான்கு. 2005இல் உலகளவில் ஒப்புக்கொண்ட அளவுகோல் இது. பிள்ளை அசையாமல் இருந்தால் வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

டார்ச் லைட்டில் இது தெரியாது. பள்ளிச் சுகாதாரக் குழு முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை எழுத்துப் பலகை முன் நிறுத்திப் பார்ப்பதிலும் தொடக்கத்தில் தெரியாது. பிள்ளை கடைசி வரிவரை படித்துவிடும். அந்தச் சோதனையைக் குறை சொல்லவில்லை, கிட்டப்பார்வையையும் சோம்பேறிக் கண்ணையும் பிடிக்க அது நல்ல சோதனை. ஆனால் ‘ஸ்கூல்ல கண்ணு டெஸ்ட் பண்ணிட்டாங்க, நல்லா இருக்கு’ என்று சொல்லி மருத்துவமனைத் தேதியைத் தள்ளிப்போடும் பெற்றோர் உண்டு.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. அழற்சி நீடித்தால் ஐரிஸ் பின்னால் உள்ள லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும். கண்மணி வட்டம் கோணலாகும். நீலக் கண்ணில் அதை வீட்டில் உள்ளவர்களே பார்த்துவிடலாம். நம் கண்ணிலோ ஐரிஸும் கறுப்பு, கண்மணியும் கறுப்பு. எல்லைக் கோடே தெரியாது. வெளிப்படையாகத் தெரிவது அடுத்த கட்டத்தில்தான். கார்னியாவின் குறுக்கே சுண்ணாம்புச் சத்து படிந்து சாம்பல் நிறப் பட்டை விழுகிறது, அல்லது லென்ஸ் வெளுத்துக் கண்புரை ஆகிறது. உள்நீர் வடிய வழியில்லாமல் கண் அழுத்தம் ஏறுவதும் உண்டு. அது அப்போதும் தெரியாது.

இந்த ஊரின் மருத்துவப் பழக்கத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சுங்கை சிப்புட்டை வரலாற்றுப் புத்தகங்கள் 1948 ஜூனில் எல்ஃபில் தோட்டத்தில் நடந்த கொலைக்காகவும், அதன் பின் வந்த மலாயா அவசரகாலத்துக்காகவும் நினைவில் வைத்திருக்கின்றன. இங்குள்ளவர்களின் நினைவில் இருப்பது தோட்டத்து வாழ்க்கை: அதிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, பால்வெட்டு, ஆயாக் கொட்டகை, டிரெசர் என்னும் தோட்டத்து மருத்துவ உதவியாளரின் மருந்தறை. அந்த மருந்தறையின் கேள்வி ஒன்றே ஒன்று: இன்று இந்த ஆள் வேலைக்குப் போக முடியுமா, முடியாதா? காய்ச்சல், வெட்டுக்காயம், சிவந்த கண் என்று கண்ணுக்குத் தெரிந்ததற்கு மருந்து உடனே கிடைத்தது. ஒன்றும் இல்லாதவர் மருந்தறைக்குப் போனால் வேலைக்குக் கள்ளம் போடுகிறார் என்று பெயர். இரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயத்து வீடுகள் காலியாகிக் குடும்பங்கள் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதிகளுக்கு வந்துவிட்டன, டிரெசரும் இல்லை. அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. நோவு இல்லாத பிள்ளையை, வேலைக்கு லீவு போட்டு, மருத்துவரிடம் காட்டுவது இன்னும் வீண் செலவாகவே படுகிறது.

செலவைப் பற்றிப் பேசாமல் இதைக் கண்டிக்கவும் கூடாது. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்), நிபுணர் கிளினிக்கில் ஐந்து வெள்ளி; இது ஒரு பொருட்டல்ல. கண் நிபுணர்கள் இருக்கும் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை ஈப்போவில், ஏறத்தாழ 30 கிலோமீட்டரில்தான் இருக்கிறது. உண்மையான செலவு நாட்கூலி. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 26 நாளுக்குப் பகுத்தால் நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். அழற்சி இல்லாத பிள்ளைக்கு ஆண்டில் நான்கு நாள் போகும். அழற்சி தொடங்கிவிட்டால், சொட்டு மருந்தின் அளவைக் குறைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு மாதத்துக்குள் திரும்பப் போய்க் காட்ட வேண்டும். பிள்ளைகளுக்கான வாதநோய் நிபுணர்கள் நாட்டிலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், அதிலும் பெரும்பாலும் கோலாலம்பூர் வட்டாரத்தில். பிறப்புப் பத்திரமோ குடியுரிமையோ சரியாக இல்லாத பிள்ளைகள் நம் சமூகத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளிக் கணக்கே செல்லாது, வெளிநாட்டவர் கட்டணம் பல மடங்கு. முதல் பயணத்திலேயே மூட்டையும் கண்ணையும் ஒரே நாளில் பார்க்கத் தேதி கேட்டால் சில இடங்களில் கொடுக்கிறார்கள். கேட்காதவருக்குக் கிடைக்காது.

சிகிச்சையின் முதல் படி ஸ்டீராய்டு சொட்டு. பெரும்பாலும் பிரெட்னிசலோன் அசிடேட், பால்போல் வெண்மையானது. மருந்து அந்த நீரில் கரைவதில்லை, மிதந்துகொண்டுதான் இருக்கிறது. புட்டி ஓரிடத்தில் நின்றால் அடியில் படிந்துவிடும். நன்றாகக் குலுக்காமல் விட்டால் பிள்ளையின் கண்ணில் விழுவது கிட்டத்தட்ட வெறும் நீர். மருந்து கேட்கவில்லை என்று அளவைக் கூட்டும் முன் மருத்துவர் இதைத்தான் விசாரிக்க வேண்டும். ஒரு சொட்டு போதும். விட்டபின் கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை விரலால் ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கு இறங்காது. கண்மணியை விரிக்கும் சொட்டும் கூடவே கொடுப்பார்கள். ஐரிஸ் ஒட்டாமல் இருக்க அது. எரியும், எழுத்து மங்கும், வெயில் கூசும். பிள்ளை அதைத்தான் அதிகம் எதிர்க்கும். இரண்டுக்கும் இடையே ஐந்து நிமிடம் விட வேண்டும்.

இந்த ஸ்டீராய்டுப் புட்டியே இரண்டாவது ஆபத்தாக மாறும் கதையும் நம் வீடுகளில்தான் நடக்கிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து இது. ஆனால் மிச்சப் புட்டிக்குச் சீட்டு தேவையில்லை. திறந்து நான்கு வாரத்தில் எறிய வேண்டியது குளிர்பெட்டிக் கதவில் ஆறு மாதம் நிற்கும். தம்பிக்குக் கண் சிவந்தால் அதையே விடுவார்கள். ஸ்டீராய்டு பெரும்பாலான சிவப்பைச் சீக்கிரம் வெளுக்க வைக்கும், அதனால் நல்ல மருந்து என்று பெயர் வாங்கிவிடும். அந்தச் சிவப்பு ஹெர்பிஸ் வைரஸால் வந்ததாக இருந்தால் கார்னியா புண்ணாகி வடுவாகும். நீண்ட நாள் விட்டால் கண்புரை வரும், கண் அழுத்தம் ஏறும். பிள்ளைகளின் கண்ணில் இந்த அழுத்தம் பெரியவர்களைவிட வேகமாகவும் அதிகமாகவும் ஏறக்கூடும், வலியும் இருக்காது.

இதில் அதிகம் மாட்டிக்கொள்வது யுவியைட்டிஸ் இல்லாத ஒரு கூட்டம். ஆறேழு வயதிலிருந்து பருவம் எய்தும்வரை, பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கு, வெப்ப நாடுகளில் அதிகமாக வரும் ஒவ்வாமை அழற்சி அது. அரிப்பு தாங்காமல் முழங்கையாலும் புறங்கையாலும் கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். மேலிமையைத் திருப்பினால் உட்புறம் மேடு மேடாகத் தடித்திருக்கும். நூலாகப் பீளை வரும். இந்நாட்டில் வெயிலும் தூசும் ஆண்டு முழுக்க இருப்பதால் நோய்க்கு ஓய்வே இல்லை. புகைமூட்டக் காலத்தில் இன்னும் மோசம். இதற்குப் பாதுகாப்பான ஒவ்வாமைச் சொட்டுகள் உண்டு, கடுமையானால் சைக்ளோஸ்போரின் உண்டு. ஸ்டீராய்டைக் கண்காணிப்போடு சில நாள் கொடுப்பார்கள். பையன் தானே வாங்கி ஆண்டுக்கணக்கில் விட்டால், அரிப்பு நின்றுவிடும், பார்வை நரம்பு போய்விடும். தேய்ப்பதால் கார்னியா மெலிந்து கூம்புவதும் சேர்ந்துகொள்ளும்.

பதின்ம வயதில் நோயின் முகம் வேறு. எச்.எல்.ஏ. பி27 என்னும் மரபுக்கூறு உள்ள பையன்களுக்கு ஒரு கண் திடீரென்று சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் வலிக்கும். காலையில் இடுப்பு விறைப்பும் குதிகால் நோவும் இருக்கிறதா என்று கேட்டால் பந்து விளையாட்டைக் காரணம் சொல்வார்கள். இது மறைந்து நடக்கிற நோய் இல்லையாதலால் சீக்கிரம் மருத்துவரிடம் வந்துவிடுகிறது. இன்னொன்று அரிது, ஆனால் தெரிந்திருக்க வேண்டியது: காய்ச்சல், சோர்வு, எடைக் குறைவு, பிறகு இரண்டு கண்ணும் சிவப்பது. சிறுநீரகமும் கண்ணும் சேர்ந்து அழற்சி அடையும் இந்த நோயை 1975இல் முதன்முதலாக விவரித்தார்கள். கண்ணுக்கு வந்த பிள்ளையின் சிறுநீரையும் இரத்தத்தையும் சோதிக்கச் சொன்னால் மருத்துவர் காசு பார்க்கிறார் என்று நினைக்கக் கூடாது.

தொற்றுகளும் உண்டு. காசநோய் இந்நாட்டிலிருந்து போய்விடவில்லை. நாய்க்குட்டியின் மலம் கலந்த மண்ணிலிருந்து வரும் வட்டப்புழுவின் குஞ்சு ஒரு கண்ணின் விழித்திரையில் தங்கிக் கட்டியாகும். கண்மணி வெள்ளையாகத் தெரியும். சிறு பிள்ளையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் அது புற்றுநோயாகவும் இருக்கலாம். அதற்குத் தேதி வாங்கிக் காத்திருக்கக் கூடாது, அன்றே போக வேண்டும்.

சொட்டு மருந்தாலேயே காலம் தள்ள முடியாது. மூன்று மாதமாகியும் நாளுக்கு ஒன்றிரண்டு சொட்டு இல்லாமல் அழற்சி அடங்கவில்லை என்றால், உடல் முழுக்க வேலை செய்யும் மருந்துக்குப் போக வேண்டும் என்பதே இப்போதைய வழிகாட்டுதல். முதலில் மெதோட்ரெக்சேட், வாரத்துக்கு ஒரே ஒரு நாள். வீட்டில் சர்க்கரை மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் தினமும் விழுங்கிப் பழகியவர்கள் இதையும் தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமைதான் என்று நாள்காட்டியில் வட்டம் போட்டுவிடுவது நல்லது. கூடவே ஃபோலிக் அமிலம், அவ்வப்போது ஈரலுக்கும் இரத்த அணுக்களுக்கும் சோதனை. கருவில் உள்ள சிசுவைக் கெடுக்கும் மருந்து இது என்பதைப் படிவம் நான்கு, ஐந்து படிக்கும் பதின்ம வயதுப் பெண்பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அம்மாக்கள் தயங்கினால் மருத்துவரே சொல்லட்டும்.

அதுவும் போதாவிட்டால் அடாலிமுமாப் ஊசி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில். பிரிட்டனில் நடந்த சிக்கமோர் ஆய்வின் முடிவு 2017இல் வெளிவந்தது. மெதோட்ரெக்சேட் எடுத்தும் அடங்காத 90 பிள்ளைகளில் 60 பேருக்கு இந்த ஊசி, 30 பேருக்கு வெற்று ஊசி. மருந்து ஊசி போட்டவர்களில் 16 பேருக்கும், வெற்று ஊசி போட்டவர்களில் 18 பேருக்கும் சிகிச்சை தோற்றது; அதாவது 27 விழுக்காடும் 60 விழுக்காடும். பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். விலை கூடிய மருந்து இது. அரசாங்க மருத்துவமனையில் நிபுணர் வழியாகத்தான் கேட்க முடியும். உடலில் உறங்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடியது என்பதால் முதல் ஊசிக்கு முன் நெஞ்சு எக்ஸ்ரேயும் காசநோய்ச் சோதனையும் கட்டாயம்.

இந்த மருந்துகளில் இருக்கும் பிள்ளை முதலாம் ஆண்டில் இருந்தால் பெற்றோர் பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட வேண்டும். ஏழு வயதில் பள்ளியில் போடும் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கப்படுவது. போடலாமா, எப்போது போடலாம் என்பதை நிபுணர்தான் சொல்ல வேண்டும். வரிசையில் நிற்கும் பிள்ளையைப் பார்த்துத் தாதி கண்டுபிடிக்க முடியாது. வகுப்பில் யாருக்காவது நீர்க்கோளுவான் அம்மை வந்தாலும் உடனே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். அம்மை என்றால் தெரியப்படுத்தாமல் வேப்பிலை செருகிவிட்டு இருக்கும் வழக்கம் இங்கே இடைஞ்சலாகிறது. மாரியம்மனுக்குக் கண்மலர் நேர்ந்துகொள்வதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. சோதனைத் தேதிக்குப் போய்வந்து சாத்தினால் அம்மனும் கோபிக்கமாட்டாள்.

மருந்தை எப்போது நிறுத்துவது என்பது எல்லாப் பெற்றோரும் கேட்கும் கேள்வி. குறைந்தது இரண்டு ஆண்டு கண் அமைதியாக இருந்த பிறகுதான் குறைப்பதைப் பற்றியே பேச வேண்டும் என்கிறது 2019 வழிகாட்டுதல். அதன் பிறகும் உறுதி இல்லை. அடாலிமுமாப்பை நிறுத்திப் பார்த்த ஓர் ஆய்வு 2025இல் வெளிவந்தது. நிறுத்திய பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் அழற்சி திரும்பியது, மருந்தை மறுபடி தொடங்கியதும் அடங்கியது. திரும்பும்போதும் கண் சிவக்காது. அதனால் ஊசி நின்றவுடன் ஈப்போ பயணமும் குறையும் என்று எதிர்பார்த்திருந்த குடும்பம், அந்த முதல் ஆண்டில் முன்பைவிட அடிக்கடி போக வேண்டியிருக்கும்.